மூன்றாவது தலையணை

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று 2005இல் ஒருத்தி சொன்னால், அப்பளம் போடுகிறாயா, தையலா என்றுதான் கேட்பார்கள். ஞானசெல்வி இரண்டும் செய்யவில்லை. அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊரில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, பார்த்ததையெல்லாம் கருவியில் பேசி வைப்பார்கள். அந்தப் பேச்சு இணையம் வழியாகச் சென்னைக்கு வரும். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, எழுத்துப் பிசகாமல் டைப் செய்து, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். நான்கு வருஷம் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைச் செய்தாள். பிறகு கை தேர்ந்தவர்கள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று நிர்வாகம் சொன்னது.

அவளுக்கு வீடு என்பது பெரம்பூரில் அண்ணன் வீட்டு ஹாலின் ஒரு மூலை. ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் குக்கர். காதில் டாக்டர் நெஞ்சுவலியைப் பற்றிச் சொல்லும்போது சீரியலில் யாராவது அழுவார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். வீட்டிலிருந்து என்றுதான் சொன்னார்களே தவிர எந்த வீடு என்று சொல்லவில்லையே என்று ஒருநாள் தோன்றியது. ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினாள். தையல் மெஷின் மிதியைப் போல ஒரு கருவி உண்டு. காலால் அழுத்தினால் பேச்சு ஓடும், எடுத்தால் நிற்கும். அதையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. கொடைக்கானலில் இரண்டு வாரம், குற்றாலத்தில் மூன்று வாரம் இருந்தாள். இரண்டு ஊரிலும் லாட்ஜ்காரர்களையும் ஹோட்டல் சர்வர்களையும் தவிர ஒருவரோடும் பேசவில்லை. ஊர்கள்தான் மாறின. காதுக்குள் அதே டாக்டர்கள்.

அடுத்து குமுளி போகலாம் என்று ஜூன் மாதம் பஸ் ஏறினாள். பஸ் கம்பத்தோடு நின்றுவிட்டது. கேரளாவில் அன்று ஹர்த்தால். எல்லைக்கு மேலே ஒரு வண்டியும் போகாது என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். மணி காலை ஒன்பது. மாலைக்குள் ஆறு கோப்புகள் அனுப்பியாக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, தூக்குவாளியோடு, போவதா வீடு திரும்புவதா என்று தெரியாமல் நின்றார்கள். அதில் ஒருத்தி மட்டும் ஜீப்பின் பின்படியில் உட்கார்ந்து சாவகாசமாகத் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் போய், இங்கே பிரவுசிங் சென்டர் எங்கே இருக்கிறது என்று ஞானசெல்வி கேட்டாள்.

"கம்ப்யூட்டர் கடையா? அந்தா, உரக்கடைக்கு மேல. இருங்க, கைய கழுவிட்டு வாரேன். இன்னைக்கு எனக்கும் சோலி இல்ல."

அவள்தான் பவானி. முப்பத்திரண்டு வயது. வீட்டுக்காரர் மாரிசெல்வம் அந்த ஜீப்பை ஓட்டுகிறவர். உரக்கடை மாடிப்படியில் பாதியில் பவானி நின்று, கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போங்க, வாரேன்" என்றாள். காலையிலிருந்து நின்ற களைப்பு என்று ஞானசெல்வி நினைத்துக்கொண்டாள்.

பிரவுசிங் சென்டர் நடத்திய ஜேசுராஜ் எல்லையோரத்துக்காரர். பேச்சில் எப்போதாவது ஒரு மலையாளச் சொல் வந்து விழும். நான்கு கம்ப்யூட்டர்கள். நாள் முழுக்கப் பரீட்சை முடிவு பார்க்கிறவர்களும் கல்யாணத்துக்கு ஜாதகம் போடுகிறவர்களும்தான் வருவார்கள். இவள் பென் டிரைவில் கோப்புகளை இறக்கிக்கொண்டு, மூலையில் உட்கார்ந்து, மேஜைக்கடியில் மிதியை வைத்து மிதிக்கத் தொடங்கியதும் அவர் எழுந்துவந்து குனிந்து பார்த்தார்.

"இதென்ன, கால்ல ஓட்டுற கம்ப்யூட்டரா?"

விவரம் சொன்னாள். அவர் பவானிக்கு விளக்கினார். பவானி ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்து ஒரு நிமிஷம் கேட்டாள்.

"வாய்க்குள்ள எதையோ மென்னுக்கிட்டே பேசுறாரே. இது ஒங்களுக்கு வெளங்குதா?"

"பழகிடும். புரியாத வார்த்தை வந்தா இடம் விட்டுடணும். நாமளா ஊகிச்சு எதையும் போட்டுடக் கூடாது. அதுதான் முதல் விதி."

ஆறு கோப்பும் நான்கு மணிக்கு முடிந்தன. பவானி போகவில்லை, அதுவரை ஜேசுராஜின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அறை தேடிப் போன மூன்று லாட்ஜுகளுக்கும் கூடவே வந்தாள். முதல் லாட்ஜில், கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். இரண்டாவதில் கேட்கவும் இல்லை. அறை இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் அந்த ஆள் இவளை ஏற இறங்கப் பார்த்த பார்வையில் பவானியே, "வாங்க போவம்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

"எங்க வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு. திராட்சை சீசன்ல யாவாரிமாருக்கு விடுவம். இப்ப சும்மாதான் கெடக்கு. அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஒருநாள் என்று ஏறிய மாடியில் ஞானசெல்வி ஒன்பது மாதம் இருந்தாள்.

பின்னாளில் அவள் நினைத்துப் பார்த்ததெல்லாம் பெரிய விஷயங்களை அல்ல. விடியுமுன் வாசலில் ஜீப் உறுமும். பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக ஏறி உட்கார்ந்த பிறகும் இன்னும் மூன்று பேருக்கு இடம் உண்டு என்று மாரிசெல்வம் சொல்வார். ஜீப் மலைப் பக்கம் போனதும் தெரு அடங்கிவிடும். அவள் ஜன்னலைத் திறந்து வைத்து வேலையைத் தொடங்குவாள். மாலை ஐந்து மணிக்கு உரக்கடை மாடியில் ஜேசுராஜ் ஒரு கம்ப்யூட்டரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார். "அமெரிக்காக்காரவுக காத்திருக்காக, எந்திரிங்க" என்று உட்கார்ந்திருப்பவரை எழுப்பியும் விடுவார். அனுப்பிவிட்டு அவள் ஜீப் ஸ்டாண்டுக்கு நடப்பாள். தோட்டத்திலிருந்து திரும்பும் ஜீப்பில் பவானி உடம்பெல்லாம் ஏலக்காய் வாசனையோடு இறங்குவாள். இருவரும் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாரிசெல்வம் மலையடிவாரத்து லோயர் கேம்ப் கூட்டிப் போவார். அங்கே மின்சார நிலையத்தைத் தாண்டி வருகிற தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு அவர்கள் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார்கள்.

"இன்னைக்கு யாருக்கு என்ன சீக்கு?" என்று பவானி தினமும் கேட்பாள். பெயர் சொல்லக் கூடாது. கோப்பில் பெயரும் இருக்காது. எழுபது வயதுக்காரர், விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, வளர்த்த நாயைப் பார்க்க வேண்டுமென்று வீட்டுக்குப் போகச் சொல்லி அடம் பிடிக்கிறாராம் என்பாள் இவள். "அங்கனயும் அப்படித்தானா" என்பாள் பவானி. இதைத்தான் ஞானசெல்வி அவளிடம் விரும்பினாள். நான்கு வருஷமாகக் காதுக்குள் வந்து போன அத்தனை பேரும் பவானியிடம் சொன்ன பிறகுதான் ஆட்களானார்கள்.

ஆகஸ்டில் பவானி ஜீப்பில் போவதை நிறுத்தினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துக் கரு தங்கியிருந்தது. அந்த வாரம் அவள் மாடிக்கு வந்து, "கழுத்து வலிக்குது, ஒரு தலையாணி குடு" என்று வாங்கிப் போனாள். மாடியில் இரண்டு இருந்தன. அதில் ஒன்றைக் கொடுத்தாள்.

அக்டோபரில் ஒரு கோப்பு வந்தது. இருபத்தேழு வயதுப் பெண், ஐந்து மாதக் கர்ப்பிணி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் இருமல். சிறு வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டதுண்டு. மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூங்க முடிகிறது. டாக்டர் நெஞ்சில் கேட்ட சத்தத்தைச் சொல்லி, இதயத்தின் ஒரு வால்வு சுருங்கியிருப்பதாகச் சந்தேகம், உடனே சோதிக்க வேண்டும் என்று முடித்திருந்தார். ஞானசெல்வி டைப் செய்து அனுப்பினாள். அதைப் போல எத்தனையோ செய்தாயிற்று. எத்தனை தலையணை என்று டாக்டர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பதுகூட அவளுக்குப் பழைய பாடம். படுத்தால் நெஞ்சில் நீர் தேங்கும் நோயாளிக்குத் தலையணையின் உயரம் கூடக்கூட நோய் முற்றுகிறதென்று கணக்கு.

நான்கு நாள் கழித்துப் பவானி படியேறி வந்தாள். மேலே வந்ததும் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சு வர நேரமாயிற்று.

"செல்வி, அந்த இன்னொரு தலையாணியவும் குடேன். ரெண்டு பத்த மாட்டேங்குது."

எடுக்கப் போன ஞானசெல்வி கட்டிலருகே அப்படியே நின்றாள். உரக்கடைப் படியில் பாதியில் நின்றதும், ஜீப் ஸ்டாண்டிலிருந்து வரும்போது பேச்சை விட்டுவிட்டு நடந்ததும் ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தன.

"அக்கா, சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கா?"

"வந்துச்சு. பள்ளிக்கூடத்த நிறுத்துனதே அதுலதான். ஒனக்கு எப்படித் தெரியும்?"

சொன்னாள். மெதுவாகத்தான் ஆரம்பித்தாள், பயம் வந்து வேகமாகச் சொல்லி முடித்தாள். இதயத்தில் ஒரு கதவு சுருங்கியிருக்கலாம், பிள்ளை வளர வளரச் சுமை கூடும், இப்போதே தேனிக்குப் போய்க் காட்ட வேண்டும். பவானியின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"வயித்துப்பிள்ளைக்காரிக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும்னு எல்லாரும் சொல்றாக. நீ என்ன டாக்டரா? நாளெல்லாம் சீக்காளிக கதையவே கேட்டுக் கேட்டு ஒனக்குப் பாக்குறவுக எல்லாம் சீக்காளியாத் தெரியுறாக. ஒம்போது வருசம் கழிச்சு வந்துருக்கு. அதுல வாய வச்சிராத."

தலையணையை வாங்காமலே இறங்கிப் போய்விட்டாள்.

மூன்று நாள் பேச்சில்லை. கீழே பாத்திரம் கழுவும் சத்தமும் இருமலும் மாடிக்குக் கேட்டன. பையைக் கட்டிக்கொண்டு குமுளிக்குப் போய்விடலாமா என்று ஞானசெல்வி நினைத்தாள். கொடைக்கானலில் இருந்திருந்தால் போயிருப்பாள். மூன்றாம் நாள் ஜேசுராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இருவருமாக இணையத்தில் தேடிப் படித்தார்கள். தொடையின் ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை ஏற்றி, நுனியில் உள்ள பலூனை ஊதி, அந்தக் கதவைத் திறந்துவிட முடியுமாம். கர்ப்பமாக இருக்கும்போதுகூடச் செய்திருக்கிறார்கள். மதுரையில் செய்கிறார்கள் என்பது ஜேசுராஜின் மைத்துனர் வழியாகத் தெரிந்தது. அந்த அமெரிக்கப் பெண்ணின் அடுத்த கோப்பு யாருக்காவது வந்ததா என்று சென்னைக்கு மின்னஞ்சல் போட்டாள் ஞானசெல்வி. நோயாளிகளைப் பற்றி விசாரிக்கக் கூடாது என்று ஒரு வரி பதில் வந்தது.

அன்று மாலை கீழே போனாள். பவானி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஞானசெல்வியும் எதிரே உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டாள். பலூனைப் பற்றிச் சொன்னாள். பவானி நிமிரவில்லை. கீரை முழுவதும் ஆய்ந்து முடிந்த பிறகு கேட்டாள்.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

தெரியாது என்பதுதான் பதில். தெரியாத இடத்தை வெறுமையாக விட வேண்டும் என்று நான்கு வருஷம் பழகிய கை.

"அது நாலஞ்சு மாசத்துக்கு முந்தின கோப்பு அக்கா. அவங்களுக்கும் அதைத்தான் செஞ்சாங்க. குழந்தை பிறந்துடுச்சு. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அந்தக் கோப்பும் எனக்குத்தான் வந்துச்சு, நான்தான் டைப் பண்ணேன்."

பவானி கீரைத் தண்டுகளைக் கூட்டி அள்ளினாள். பிறகு, "அவுக வரட்டும். சொல்லுவம்" என்றாள்.

மறுநாள் மாரிசெல்வம் ஜீப்பை மலைக்கு விடாமல் தேனிக்கு விட்டார். அத்தனை மெதுவாக அந்த ஜீப் ஓடி யாரும் பார்த்ததில்லை. தேனி டாக்டர் நெஞ்சில் குழலை வைத்ததும் முகம் சுருக்கினார். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மதுரைக்குப் போகச் சொன்னார். இன்னும் மூன்று வாரம் விட்டிருந்தால் இரண்டு உயிரும் கையில் இருந்திருக்காது என்று மாரிசெல்வத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

மதுரை ஆஸ்பத்திரியில் எட்டு நாள். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது என்பதால் ஞானசெல்விதான் கூட இருந்தாள். வேலையையும் விடவில்லை. வராந்தா பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்து, பெஞ்சுக்கடியில் மிதியை வைத்து மிதித்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர்களின் உறவினர்கள் அவளை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்து எக்ஸ்ரே கவர்களை நீட்டினார்கள். விவரம் சொன்ன பிறகும் அவர்கள் போகவில்லை. சின்னமனூரிலிருந்து வந்த ஒருத்தி இட்லி கொடுத்தாள். உசிலம்பட்டிக்காரி ஒருத்தி இவள் எதிர்சாரியில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு ஓடும்போதெல்லாம் பவானியைப் பார்த்துக்கொண்டாள். பேர் ஊர் தெரியாதவர்களோடு இப்படிப் பேசத் தனக்கு வருமென்று ஞானசெல்வி அதுவரை அறிந்ததில்லை.

பலூன் வைத்த அன்று பவானியை வெளியே கொண்டுவந்தார்கள். மாலையில் கண் விழித்தவள், "நெஞ்சுல ஒக்காந்திருந்த ஆள் எந்திரிச்சுப் போயிட்டாப்ல இருக்கு" என்றாள். அன்று ஒரே தலையணையில் படுத்துத் தூங்கினாள்.

பிப்ரவரியில் பெண் குழந்தை பிறந்தது. சினேகா என்று மாரிசெல்வம் பெயர் வைத்தார். மார்ச்சில் திராட்சை வியாபாரிகள் மாடியறையைக் கேட்டு வந்தபோது ஞானசெல்வி கிளம்பினாள். யாரும் போகச் சொல்லவில்லை. பவானி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிளம்புகிற அன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். ஜேசுராஜ் ஐந்து மணிக் கம்ப்யூட்டரை இனி யாருக்குக் கொடுப்பது என்று கேட்டு, பஸ் பலகையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

பிறகு அவள் பல ஊர்களில் இருந்தாள். காரைக்காலில் ஒரு மழைக்காலம், ஏற்காட்டில் ஒரு வருஷம். எந்த ஊரிலும் முதல் நாளே யாரிடமாவது போய் ஏதாவது கேட்பாள். எல்லா ஊரிலும் யாராவது கிடைத்தார்கள். இருந்தாலும் மாலை ஐந்து மணிக்கு வேலையை அனுப்பி முடித்து எழும்போது, எந்த ஊராக இருந்தாலும், கால் ஜீப் ஸ்டாண்டுக்கு நடக்கத் தயாராகும். மலையிலிருந்து இறங்கி வரும் முதல் ஜீப்பின் சத்தத்தைக் காது தேடும். எதுவும் வராது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவள் டீ குடிக்கப் போவாள்.

2010 மே மாதம் மறுபடி கம்பம் வந்தாள். இப்போது பையில் எங்கிருந்தும் இணையம் தரும் டேட்டா கார்டு. எந்த மாடிப்படியும் ஏற வேண்டியதில்லை. ஜேசுராஜ் கம்ப்யூட்டர்களை எடுத்துவிட்டுச் செல்போன் கடை வைத்திருந்தார். பவானிக்கு உடம்பு பூசியிருந்தது. சினேகாவுக்கு நான்கு வயது முடிந்து, வீட்டில் யாருக்கும் அடங்காமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

மாலை மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது ஞானசெல்வி சொன்னாள். நாலரை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த பேச்சு. அந்த அமெரிக்கப் பெண்ணின் அடுத்த கோப்பு தனக்கு வரவே இல்லை. குழந்தை பிறந்தது என்று சொன்னது தானே இட்டுக்கட்டியது.

பவானி மலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பொய் சொன்னது எனக்கு ஒண்ணுமில்ல. நீ சொல்லலைன்னா நான் போயிருக்க மாட்டேன். ஆனா செல்வி, அந்தப் பிள்ளைய நான் நெனைக்காத நாளில்ல. இவ குப்புற விழுந்தப்ப, அது இந்நேரம் ஒக்காந்துருக்கும்னு நெனைப்பேன். இவ நடந்தப்ப, அது ஓடும்னு நெனைப்பேன். நம்ம பிள்ளைய விட அது கொஞ்சம் மூப்புல்ல. ஒவ்வொரு பொறந்தநாளுக்கும் கோயில்ல ரெண்டு விளக்குப் போடுவேன். இப்ப அப்படி ஒரு பிள்ள இருக்கா இல்லையான்னே தெரியாமப் பண்ணிட்டியே."

தான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒரு குழந்தை இந்த வீட்டில் நான்கு வருஷமாக வளர்ந்துகொண்டிருந்ததை ஞானசெல்வி அறிந்திருக்கவில்லை.

கீழே சினேகா எதையோ தள்ளி உடைத்தாள். மாரிசெல்வம் அவளை அதட்டுவதும் பிறகு தானே சிரிப்பதும் கேட்டன.

"அவுகளுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள் பவானி. "தெரிஞ்சா என்னயத்தான் வருசம் பூரா கேலி பண்ணிச் சிரிப்பாக. அதுவுமில்லாம, அவுகளும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பேரு வச்சிருக்காக."

"என்ன பேரு?"

"அனுஷ்கா."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. ஞானசெல்விக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பவானி அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு விளக்கையும் போட்டுக்கிட்டேதான் இருப்பேன். நிப்பாட்ட மாட்டேன். எந்திரி, அவ என்னத்த ஒடச்சான்னு பாப்பம்."

மறுநாள் போடி வழியாக மூணாறு போவதாக ஞானசெல்வி திட்டம் போட்டிருந்தாள். பதினோரு நாள் கழித்துத்தான் போனாள்.